கெட்ட வருடத்தில் பிறந்த மான்: கலைக்கு ஒரு கணக்கு, பிணைக்கு ஒரு கணக்கு

ஜனவரி 4, மாலை (ஒரு வாசகரின் கேள்வி)

"மோசமான வருடத்தில் பிறக்கும் மான்கன்றுகளில் நோஞ்சான்கள் முதல் குளிர்காலத்திலேயே செத்துவிடும். தப்பிப்பவை வலுவானவை. அப்படியானால் கெட்ட வருடத்தில் பிறந்து பெரிதான மான், நல்ல வருடத்தில் பிறந்த மானைவிட அதிக நாள் வாழ வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இதே விதிதானே? தரவு வைத்துப் பேசுங்கள்."

ஜனவரி 4, இரவு

பாதி சரி. மீதிப் பாதியில்தான் சிக்கல்.

கெட்ட வருடம் ஒரு மான் கூட்டத்துக்கு இரண்டு காரியம் செய்கிறது. ஒன்று சல்லடை: நோஞ்சான்களைச் சலித்து எடுத்துவிடும். நீங்கள் சொல்வது இதைத்தான். இன்னொன்று வடு: தப்பிய கன்றின் உடம்பிலும் அந்த வருடம் ஒட்டிக்கொள்ளும். உடல் சிறுத்துப்போகும், முதல் ஈற்று தள்ளிப்போகும். சல்லடை மட்டும் வேலை செய்தால் மிஞ்சியவை நெடுநாள் வாழ வேண்டும். வடு மட்டும் என்றால் சீக்கிரம் சாக வேண்டும். நிஜத்தில் இரண்டும் ஒன்றாக நடப்பதால், மிஞ்சியவற்றை மட்டும் பார்த்துக் கணக்குச் சொல்ல முடியாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இந்த இரண்டின் அளவும் ஒன்றல்ல, வந்து சேரும் காலமும் ஒன்றல்ல.

ஒரு காலத்தில் நானும் உங்கள் பக்கம்தான் இருந்தேன். ஒரு பெண் மானைப் பார்த்து அப்படி நம்பினேன். அதை அப்புறம் எழுதுகிறேன்.

ஜனவரி 5, காலை

தரவு கேட்டீர்கள். இந்தக் கேள்விக்கு முதலில் போக வேண்டிய இடம் ரம் தீவு. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், இன்னர் ஹெப்ரிடீஸ் தீவுகளில் ஒன்று. அதன் வடக்கே கில்மோரி பள்ளத்தாக்கைச் சுற்றி ஏறத்தாழ 12 சதுர கிலோமீட்டரில் மேயும் செம்மான்களை 1970களின் தொடக்கத்திலிருந்து (ஆங்கிலத்தில் red deer) ஒவ்வொன்றாக அடையாளம் வைத்துப் பிறப்பு முதல் இறப்பு வரை பின்தொடர்கிறார்கள். டிம் கிளட்டன்-பிராக், பியோனா கின்னஸ், ஸ்டீவ் ஆல்பன் ஆகியோரின் பெயர்கள் இந்த ஆய்வோடு சேர்ந்தவை. பின்னாளில் ஜோசபின் பெம்பர்டன், லூஸ்கே க்ரூக்.

அந்தத் தீவில் ஓநாய் கிடையாது. ஆய்வுப் பகுதியில் மான்களைச் சுடுவதையும் 1970களின் தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். பிணைகளின் (பெண் மான்களின்) எண்ணிக்கை பத்தே ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. புல் அதே புல், வாய்கள் மட்டும் கூடிவிட்டன. அதனால் யாரும் திட்டமிட்டுச் செய்ய முடியாத ஒரு சோதனை தானாகவே நடந்தது: ஒரே நிலத்தில், சில கன்றுகள் தாராளமான ஆண்டுகளில் பிறந்தன, சில நெரிசலான ஆண்டுகளில் பிறந்தன.

நெரிசல் கூடக்கூட முதலில் அடிபட்டவை கன்றுகள். முதல் குளிர்காலத்தைத் தாண்டாதவை கூடின. அவற்றிலும் ஆண் கன்றுகள் அதிகம். இளங்கலைகள் (இளம் ஆண் மான்கள்) இடத்தை விட்டு வெளியேறுவதும் கூடியது, வெளியிலிருந்து வந்து சேரும் கலைகள் குறைந்தன. கொஞ்ச ஆண்டுகளில் அந்தப் பள்ளத்தாக்கு பெரும்பாலும் பெண்களின் ஊராகிவிட்டது. வளர்ந்த பிணைகள் சாவது அந்த அளவுக்கு மாறவில்லை. ஆனால் அவை முதல் கன்று ஈனும் வயது பின்னுக்குப் போனது. பால் கொடுத்துக்கொண்டிருந்த பிணைகள் அடுத்த ஆண்டு சினைப்படாமல் போவதும் அதிகமானது.

ஒரே பஞ்சம். ஆண் உயிரைக் கொடுத்தது, பெண் ஈற்றைத் தள்ளிப்போட்டது.

ஜனவரி 5, மதியம்

கலை, பிணை என்று எழுதுவது ஏன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கலை என்றால் ஆண் மான், பிணை என்றால் பெண் மான். மான்கன்றுக்கு மறி என்று ஒரு பெயரும் உண்டு. ஆண் மான், பெண் மான் என்று பத்தி முழுக்க எழுதினால் வாக்கியம் நொண்டுகிறது. ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் இரண்டெழுத்துச் சொற்களை எடுத்துப் புழங்கினால் என்ன?

ஜனவரி 7

ஆண் கன்று ஏன் முதலில் சாகிறது? இதற்கு "ஆண் பலவீனம்" என்று பதில் வந்திருக்கிறது. அது பதில் இல்லை, கேள்வியையே திருப்பிச் சொல்வது.

ஆண் கன்று பிறக்கும்போதே பெண் கன்றைவிடச் சில நூறு கிராம் கூடுதல். வேகமாக வளர வேண்டும் என்பதால் தாயிடம் அதிகம் குடிக்கிறது. ஆண் கன்றை வளர்த்த பிணை மறு ஆண்டு ஈனாமல் போகும் வாய்ப்பு, பெண் கன்றை வளர்த்த பிணையைவிட அதிகம். ரம் தீவில் இதையும் பார்த்திருக்கிறார்கள். அதாவது ஆண் கன்று பெரிய அடுப்பு. விறகு நிறைய இருக்கும்வரை நன்றாக எரியும். விறகு குறைந்தால் பெரிய அடுப்புதான் முதலில் அணையும். வளர்ச்சிக்கே எல்லாவற்றையும் செலவழிப்பதால் குளிர்காலத்துக்குக் கொழுப்பாகச் சேர்த்து வைப்பது குறைவு.

வசந்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்கள் வெதுவெதுப்பாக இருந்த ஆண்டுகளில் கன்றுகள் கனமாகப் பிறந்தன, குளிர்ந்த ஆண்டுகளில் இலேசாகப் பிறந்தன. சினையின் கடைசி வாரங்களில் தாய்க்குப் பச்சைப்புல் கிடைத்ததா என்பதுதான் விஷயம். மே கடைசியிலும் ஜூனிலும் கன்று தரையில் விழும்போதே அதன் விதியில் ஒரு பங்கு எழுதப்பட்டிருக்கிறது.

ஜனவரி 8, இரவு

சரி, என் கதை.

இரண்டு கன்று ஈனும் பருவங்களில் செம்மான் கணக்கெடுப்பு ஒன்றில் உதவியாளாக இருந்தேன். பிறந்து ஓரிரு நாளே ஆன கன்று ஆள் வந்தால் ஓடாது. புல்லுக்குள் கழுத்தை நீட்டித் தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கும். தாய் தூரத்தில் மேயும். அந்த நேரத்தில்தான் கன்றைப் பிடித்து, பையில் போட்டுத் தூக்கி, எடை பார்த்து, ஆணா பெண்ணா என்று குறித்து, காதில் வண்ண வில்லை போட்டு, எடுத்த இடத்திலேயே படுக்க வைத்துவிட்டு நகர வேண்டும். மொத்தமும் சில நிமிடம். முதல் கன்றைக் கையில் எடுத்தபோது அதன் இதயம் என் உள்ளங்கையில் படபடத்தது இன்னும் எனக்குத் தெரிகிறது.

குளிர்ந்த வசந்தம் அது. ஒரே வாரத்தில், ஒரே சரிவில், இரண்டு கன்றுகளுக்கு வில்லை போட்டேன். ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு மஞ்சள். இரண்டும் சின்னவை, ஆறு கிலோவைத் தொடவில்லை. செப்டம்பரில் போய்ப் பார்த்தபோது நீலம் மஞ்சளைவிட ஒரு கைப்பிடி உயரமாக இருந்தது. தாயின் மடியை முட்டிக்கொண்டே இருந்தது. அது பிழைத்துவிடும் என்று நினைத்தேன். பிப்ரவரிக்குப் பிறகு நீலத்தை யாரும் பார்க்கவில்லை.

மஞ்சள் பிழைத்தது. நான் அந்த வேலையை விட்ட பின்பும் கூட இருந்தவர்கள் வருடத்துக்கு ஒரு முறை அதைப் பற்றி எழுதுவார்கள். முதல் கன்று ஒரு வருடம் தாமதம். அதற்கப்புறம் ஒழுங்காக ஈன்றுகொண்டிருந்தது. எட்டு வயது, ஒன்பது வயது. கெட்ட வருடத்தில் பிறந்தும் இப்படி இருக்கிறதே, வாட்டம் மானை உரப்படுத்துகிறது போல என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பத்தாவது வயதில் அதன் கன்று சிறியதாகவும் காலம் தாழ்ந்தும் பிறந்தது. அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. அதே சரிவில் நல்ல ஆண்டுகளில் பிறந்த பிணைகள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலும் திடமான கன்றுகளோடு நின்றன என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தைப் படித்த அன்று எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. மஞ்சள் எதையும் தாண்டிவிடவில்லை. அதன் கடன் சீட்டு மெதுவாக வந்து சேர்ந்திருக்கிறது.

ஜனவரி 8, நள்ளிரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒரு மானை வைத்து விதி சொல்லக் கூடாது. ரம் தீவுக் கணக்கு இருப்பதால்தான் மஞ்சளைப் பற்றி எழுதத் துணிந்தேன். 2007இல் வந்த ஆய்வு அது. கன்றாக இருந்தபோது நெரிசலைச் சந்தித்த பிணைகள் பின்னாளில் வேகமாக மூப்படைகின்றன என்பது அதன் முடிவு. பஞ்சத்தில் பிறந்தவை நெடுநாள் தாங்கும் என்பதற்கு இது நேரெதிர்.

ஜனவரி 9

திருத்தம். முந்தைய குறிப்பில் "மூப்படைகின்றன" என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டேன். அதைப் படித்து "அப்படியென்றால் சீக்கிரம் செத்துப்போகின்றனவா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அந்த ஆய்வு அளந்தது தாய்மைத் திறனின் தேய்வை. வயதாக ஆகப் பிணை ஈனும் கன்றின் எடையும் பிறக்கும் தேதியும் எப்படிக் கெடுகின்றன என்பதை. சாவுத் தேதி வேறு, தேய்வு வேறு. இரண்டும் பெரும்பாலும் ஒரே பாதையில் போகும், ஆனாலும் ஒன்றல்ல. நான் பிரித்து எழுதியிருக்க வேண்டும்.

இன்னொரு திருத்தம். "ஆறு கிலோவைத் தொடவில்லை" என்று எழுதினேன். பிடித்த நேரத்து எடை அது, பிறந்த எடை இல்லை. செம்மான் கன்று முதல் நாட்களில் மணிக்கு ஏறத்தாழ 15 கிராம் ஏறுகிறது. பிறந்து 6 மணி நேரத்தில் பிடித்த கன்றையும் 60 மணி நேரத்தில் பிடித்த கன்றையும் அப்படியே ஒப்பிட்டால் 800 கிராம் அளவுக்கு ஏமாறுவோம். என் பழைய நோட்டைப் பார்த்தேன். மஞ்சளைப் பிடித்தது பிறந்த அன்றே, நீலத்தைப் பிடித்தது இரண்டாம் நாள். கழித்துப் பார்த்தால், பிறந்தபோது நீலம்தான் சிறியது. ஆண் கன்று பெரிதாகப் பிறக்க வேண்டிய இடத்தில் சிறிதாகப் பிறந்திருக்கிறது. அதன் முடிவு எனக்கு இப்போது வேறு மாதிரித் தெரிகிறது.

ஜனவரி 11

தப்பிய ஆண்களின் கதை என்ன ஆகிறது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். முதல் இரண்டு குளிரைத் தாண்டிவிட்டால் கலைக்குக் கொஞ்ச காலம் நிம்மதி. சிக்கல் இணைசேரும் பருவத்தில் திரும்ப வருகிறது.

செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் கலை சரியாகத் தின்பதில்லை. கத்துகிறது, பிற கலைகளை விரட்டுகிறது, கொம்பு கோக்கிறது. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழந்து நேராகக் குளிர்காலத்துக்குள் நுழைகிறது. பெரும்பாலும் ஏழு முதல் பதினோரு வயதுக்குள்தான் அது பிணைக் கூட்டத்தைப் பிடித்து வைத்திருக்க முடியும். அந்தச் சில ஆண்டுகளில் ஒரு சில கலைகள் ஏராளமான கன்றுகளுக்குத் தந்தையாகின்றன. பல கலைகளுக்கு ஒரு கன்றும் இல்லை. இப்படி எல்லாமோ ஒன்றுமில்லையோ என்ற ஆட்டத்தில் உடல் அளவில் சிறு குறைகூடப் பெரிதாகிவிடும். அதனால்தான் பிறந்த எடை கலையின் வாழ்நாள் கன்றுக் கணக்கோடு ஒட்டிப்போகிறது. கனமாகப் பிறந்த ஆண் சராசரியில் அதிகக் கன்றுகளுக்குத் தந்தை. பிணைகளில் அந்தத் தொடர்பு காணப்படவில்லை. 1999இல் க்ரூக்கும் கூட இருந்தவர்களும் இதைக் காட்டினார்கள்.

பிணைக்குக் கதை வேறு. அது பெரியதாக இருந்து யாரையும் முட்டித் தள்ள வேண்டியதில்லை. வருடா வருடம் ஒரு கன்று, பல வருடம் உயிரோடு இருத்தல், அவ்வளவுதான் அதன் வெற்றி. அதனால் சின்னதாகப் பிறந்த பிணைக்கு நேரம் இருக்கிறது. ஒரு வருடம் தள்ளி ஈன்றால் போகிறது. இயற்கை அதற்கு அந்த அவகாசத்தைக் கொடுத்திருக்கிறது, கலைக்குக் கொடுக்கவில்லை.

பற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மான் சாவதற்குப் பல் தேய்வு பெரிய காரணம். கடைவாய்ப் பல் மழுங்கினால் புல்லை அரைக்க முடியாது, வயிறு நிறைந்தும் பட்டினி. செம்மானின் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் அரை வயதுக்குள் முளைக்கிறது, கடைசியது இரண்டு, இரண்டரை வயதில். அதற்குப் பிறகு புதிதாக ஒன்றும் வராது. வாழ்நாள் முழுவதற்குமான அரவைக் கல் இளம் வயதிலேயே கொடுக்கப்பட்டுவிடுகிறது. ஸ்பெயின் செம்மான்களில் பார்த்தபோது கலைக்கு உடல் அளவோடு ஒப்பிட்டால் கடைவாய்ப் பற்கள் சிறியவை, பிணையைவிட முன்னதாகத் தேய்ந்துவிடுகின்றன. பெரிய உடம்பு, சின்ன அரவைக் கல்.

ஜனவரி 12

"கஷ்டத்தில் வளர்ந்தது கஷ்டத்துக்குப் பழகியிருக்குமே, பிற்காலப் பஞ்சத்தை நன்றாகத் தாங்குமே" என்று கேட்டவருக்கு.

அழகான யோசனை, எனக்கும் அது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசை இருந்தது. பிரான்சில் ரோ மான் (roe deer) என்ற சிறிய மான் இனத்தில் இதையே சோதித்திருக்கிறார்கள். நல்ல தொடக்கம் கிடைத்த பிணைகள் பின்னாளில் நல்ல ஆண்டு வந்தாலும் கெட்ட ஆண்டு வந்தாலும் முன்னே நின்றன. கெட்ட தொடக்கம் கிடைத்தவை கெட்ட ஆண்டில் மேலாகச் செய்யவில்லை. பழக்கம் என்று ஒன்று அங்கே தெரியவில்லை. காட்டில் பத்து வருடம் வாழும் ஒரு விலங்குக்குப் பிறந்த வருடத்து வானிலை, ஏழாவது வருடத்து வானிலையைப் பற்றி என்ன சொல்லிவிடும்?

ஜனவரி 15

பிரான்சைத் தொட்டுவிட்டேன், அதனால் ரோ மான்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். இரண்டு காடுகள். கிழக்கே ஷாம்பெய்ன் பகுதியில் வளமான மண்ணில் த்ருவா-பொந்தேன், 1360 ஹெக்டேர். மேற்கே கோடை வறட்சி வாட்டும் ஷிஸே, 2614 ஹெக்டேர். இரண்டிலும் 1970களிலிருந்து குளிர்காலத்தில் வலை கட்டி மான்களைப் பிடித்து எடை பார்த்து விடுகிறார்கள்.

ரோ மானில் கலைக்கும் பிணைக்கும் உடல் அளவில் அதிக வித்தியாசம் இல்லை. கலை, பிணைக் கூட்டத்தை மடக்கி வைப்பதில்லை, இடம் பிடித்துக் காக்கிறது. அதனால் செம்மானில் பார்த்த பெரிய அடுப்புக் கதையை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது. நானே முதலில் அப்படித்தான் கலந்து பேசிக்கொண்டிருந்தேன்.

ஆனால் தாயின் நிலைமை இங்கே இன்னும் கடுமை. ரோ பிணை உடம்பில் கொழுப்பு சேர்த்து வைத்துப் பால் கொடுப்பதில்லை. அன்றன்று தின்பதே அன்றன்று பாலாகிறது. வழக்கமாக இரண்டு கன்று வேறு. ஒரு கன்று செத்தால் கூடப் பிறந்ததும் சாகும் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் இரண்டுக்கும் தாய் ஒன்று, மேய்ச்சல் இடம் ஒன்று. அப்புறம் இன்னொன்று: ரோ மான்கள் இணைசேர்வது கோடையில். கரு மாதக்கணக்கில் அப்படியே நின்றிருந்து ஜனவரி வாக்கில்தான் வளரத் தொடங்குகிறது. கன்று மே மாதம். இந்த நாள்காட்டி பகலின் நீளத்தோடு கட்டப்பட்டது. வசந்தம் முன்னால் வந்தாலும் கன்று முன்னால் வருவதில்லை. த்ருவா-பொந்தேனில் ஏறத்தாழ முப்பது ஆண்டுக் கணக்கில் தளிர் வரும் காலம் முன்னே நகர்ந்தது, பிறந்த தேதி நகரவில்லை, கன்றுகள் பிழைப்பது குறைந்தது. இதைப் படிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. தாய் எந்தத் தவறும் செய்யவில்லை. பந்தி முடிந்த பிறகு குழந்தை பிறக்கிறது.

நடுவயதுப் பிணைகளோ எந்த ஆண்டானாலும் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பிழைக்கின்றன. ஆண்டு கெட்டால் கன்றின் கணக்குதான் ஊசலாடுகிறது.

ஜனவரி 19

தாயின் தாயைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அமெரிக்காவின் சவுத் டகோட்டாவில் வெள்ளைவால் மான்களை வைத்து ஒரு வேலை நடந்தது. மேய்ச்சல் மோசமான பிளாக் ஹில்ஸ் மலையிலிருந்து வந்த பிணைகளின் மகன்களை நல்ல தீனி போட்டு வளர்த்தார்கள். செழிப்பான கிழக்குப் பகுதியின் மகன்களுக்கும் அதே தீனி. ஆனாலும் மலைப் பிணைகளின் மகன்கள் உடலிலும் கொம்பிலும் சிறியவையாகவே நின்றன. அதற்கடுத்த தலைமுறையில்தான் மகன்கள் பெரிதாயின.

ஆக "ஆரம்பகால நிலைமை" என்று நாம் சொல்வது கன்று தரையில் விழுந்த நாளில் ஆரம்பிக்கவில்லை. நீலத்தின் தாய் எந்த வருடத்தில் பிறந்தது என்று நான் ஒருநாளும் நோட்டில் தேடவில்லை.

ஜனவரி 20

சல்லடையும் பிறப்புக்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. ரம் தீவில் முன்பு ஆதிக்கம் உள்ள பிணைகள் அதிகம் ஆண் கன்றுகளை ஈன்றன. நெரிசல் கூடிய பின் அந்தப் போக்கு மறைந்துபோனது. நெரிசலான ஆண்டுகளுக்கும் ஈரமான குளிர்காலங்களுக்கும் பிறகு பிறந்தவற்றில் ஆண்களின் பங்கும் குறைந்தது. தாய் வாடும்போது ஆண் கரு அதிகம் இழக்கப்படுவது இதற்கு விளக்கமாகச் சொல்லப்படுகிறது. கெட்ட வருடத்தில் நாம் கையில் எடுத்து எடை பார்க்கும் ஆண் கன்று ஏற்கெனவே ஒருமுறை சலிக்கப்பட்டு வந்தது. அதற்குப் பிறகும் அது பெண்ணைவிட அதிகம் சாகிறது.

ஜனவரி 26

கேள்வி கேட்டவர் "அப்படியானால் ஆண்கள் உண்மையிலேயே சாகின்றனவா, இல்லை போய்விடுகின்றனவா" என்று இப்போது கேட்டிருக்கிறார். இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான், நான் முதல் நாளே எழுப்பியிருக்க வேண்டும்.

நீலம் முதல் குளிரில் காணாமல் போனது. அந்த வயதில் கன்று தாயை விட்டுத் தனியாகப் போகாது, எனவே அது சாவுதான். ஆனால் இரண்டு, மூன்று வயதில் காணாமல் போகும் இளங்கலை வேறு. அது மலையைத் தாண்டி இன்னொரு கூட்டத்தின் ஓரத்தில் மேய்ந்துகொண்டிருக்கலாம். பிணைகள் பெரும்பாலும் தாயின் மேய்ச்சல் இடத்திலேயே தங்கிவிடும். ஆகவே "காணவில்லை" என்ற சொல் பிணைக்கு ஒரு பொருளும் கலைக்கு இன்னொரு பொருளும் கொண்டது. இதைப் பிரிக்காமல் போட்டால் ஆண்களின் சாவு ஊதிக் காட்டும். நெரிசலான ஆண்டுகளில் ஊதல் இன்னும் கூடும், ஏனென்றால் அந்த ஆண்டுகளில்தான் அதிகம் வெளியேறுகின்றன.

என் பழைய அட்டவணையை எடுத்து இன்று மதியம் முழுக்க உட்கார்ந்தேன். ஒரு வயதைத் தாண்டி மறைந்த பதினொரு இளங்கலைகளை அன்று "இறந்தவை" என்ற பத்தியில் போட்டிருக்கிறேன். உடல் கிடைத்தது நான்கு. மீதி ஏழையும் "கடைசியாகப் பார்த்த நாள்" என்ற பத்திக்கு மாற்றினேன். கெட்ட வருடத்து ஆண்களில் எத்தனை உயிரோடு மிஞ்சின என்று காட்டும் கோடு பெண்களின் கோட்டுக்குக் கீழேதான் இன்னும் ஓடுகிறது, இடைவெளி மட்டும் சுருங்கியிருக்கிறது. முதல் குளிரில் விழும் செங்குத்தான சரிவு அப்படியே இருக்கிறது. நீலம் அந்தச் சரிவில் இருக்கிறது, அதன் வரியை நான் மாற்றவில்லை.